அப்பா அம்மாவின் 30ஆவது திருமண நாளும் இத்தாலியச் சாப்பாடும்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அப்பா அம்மாவை, தம்பியையும் சேர்த்துக்கொண்டு, அவர்களுடைய 30ஆவது திருமண நாளுக்குத் திருவனந்தபுரத்திலோ கோவளத்திலோ ஓர் இத்தாலிய உணவகத்துக்கு அழைத்துப் போக ஆசைப்படுகிறீர்கள். என்ன ஆர்டர் செய்வது, முட்டைகூடத் தொடாத அம்மாவுக்கு எது ஒத்துவரும், எப்படிச் சாப்பிடுவது, பில் எவ்வளவு வரும் என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குக் கீழே, போகிறபோக்கில் சொன்னதுபோல ஒரு வரி இருக்கிறது: "அப்பா 28 வருஷம் ரப்பர் பால் வெட்டியவர், வேட்டிதான் கட்டுவார், அங்கே போய் அவருக்குக் கூச்சமாகிவிடக் கூடாது." உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். மற்ற நான்குக்கும் விடை அதன் வழியிலேயே வந்துவிடும்.

நானும் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். கேட்டரிங் படித்துவிட்டுக் கோவளத்தில் ஒரு விடுதிச் சமையலறையில் 4 ஆண்டு, அப்புறம் பயணிகள் கப்பலில் இத்தாலியச் சமையல் பகுதியில் 11 ஆண்டு வேலை பார்த்தேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் இத்தாலியின் லிகூரியா கடற்கரைக்காரர். இப்போது ஊரில் விருந்துச் சமையல் எடுத்துச் செய்கிறேன். இத்தாலியச் சமையல் எப்படி நடக்கிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். நீங்கள் போகப்போகும் உணவகம் என்ன சீஸ் வாங்குகிறது, சாஸில் எதைச் சேர்க்கிறது என்பதை அந்தச் சமையலறைதான் சொல்ல வேண்டும். அதற்கு என்ன கேட்பது என்று சொல்லித் தருகிறேன். அப்பாவின் மனசு பற்றி எழுதுவதெல்லாம் என் அபிப்பிராயம் மட்டுமே. அது நான் செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது.

2011இல் கப்பலிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது என் அப்பாவை இப்படி ஓர் உணவகத்துக்குக் கூட்டிப் போனேன். அவர் கொத்தனார். ராத்திரிச் சாப்பாடு, மெழுகுவர்த்தி, மேசையில் ஆளுக்கு ஏழெட்டு முள்கரண்டியும் கரண்டியும். நான் கற்றதையெல்லாம் அவருக்குக் காட்ட வேண்டும் என்று வரிசையாக ஆர்டர் செய்தேன். ரிசோட்டோ வந்தது. அது அரிசியைச் சாறு விட்டு விட்டுக் கிண்டி, நடுவில் கொஞ்சம் கடி இருக்கும்படி இறக்குவது. அப்படித்தான் இருக்க வேண்டும். அப்பா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "உள்ள வேகல்லியே மக்கா" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். பக்கத்தில் நின்ற பரிமாறுகிறவர் காதில் விழுந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய், குழைய வேகவைத்துத் திரும்பக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் அப்பா எதையும் சரியாகச் சாப்பிடவில்லை. திரும்பி வரும் வழியில் பாறசாலை தாண்டியதும் சொன்னார்: "சமைச்சவன் ஒருத்தன் உள்ள நிண்ணு சமைச்சிருப்பான். அவன் செஞ்சத நான் திருப்பி அனுப்பிட்டேன். நீயும் அந்த வேலதானே பாக்குத." சாப்பாடு பிடிக்காததைவிட அதுதான் அவரை உறுத்தியிருக்கிறது.

அன்றைக்கு உணவகத்தின் பேரில் தப்பில்லை, ரிசோட்டோவும் நன்றாகத்தான் இருந்தது. அப்பாவுக்கு எதுவுமே தெரியாத ஓர் இடத்தில் அவரை உட்கார வைத்தேன். அவருக்குத் தெரிந்த ஒன்றைக்கூட அந்த மேசையில் நான் வைக்கவில்லை. உங்களுக்கு நான் சொல்லும் எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான்: அப்பா விவரம் தெரிந்த ஆளாக நடந்துகொள்ளக்கூடிய ஒரு பங்கு அந்தச் சாப்பாட்டில் இருக்க வேண்டும். அது உங்கள் விஷயத்தில் எளிது. உங்கள் அப்பா தேங்காய்ப்பட்டணம் மீனைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர், மலையாளம் தடங்கலில்லாமல் பேசுவார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் நேரம். ராத்திரி வேண்டாம், மதியம் போங்கள். பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் எழுந்து பழகியவர்கள்; வேலையை விட்டாலும் அந்த உடம்பு ராத்திரி ஏழரைக்குச் சாப்பிட்டுப் படுக்கத்தான் சொல்லும். இத்தாலியச் சாப்பாடு ஒன்று முடிந்து ஒன்றாக நிதானமாக வருவது, ஒன்றரை மணி நேரம் சாதாரணமாகப் போகும். எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பாலராமபுரம் நெரிசலைத் தாண்டி வீடு சேரும்போது நடுராத்திரி ஆகும். இத்தாலியக் குடும்பங்களிலும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடு. தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரே மேசையில் உட்காருவது அப்போதுதான். ஆகையால் மதியம் போவதில் ஒன்றும் குறைந்துவிடாது. வெளிச்சத்தில் தட்டில் இருப்பது என்ன என்று கண்ணுக்குத் தெரியும் என்பதும் சின்ன விஷயமில்லை. உங்கள் தேதி ஆவணியில் ஓணத்தை ஒட்டி வருகிறது. அந்த வாரம் திருவனந்தபுரத்தில் எல்லா இடத்திலும் கூட்டம் இருக்கும், பத்து நாள் முன்னாலேயே மேசைக்குச் சொல்லிவிடுங்கள். ஆவணியில் இன்னொரு நன்மை, இழுவைப் படகுகளுக்கான மழைக்காலத் தடை ஜூலை 31ஓடு முடிந்திருக்கும், பச்சை மீன் வரத் தொடங்கியிருக்கும்.

அடுத்து சாப்பாட்டின் வரிசை. இது அப்பா அம்மாவுக்குப் புதிதல்ல. நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் பருப்பும் பப்படமும் நெய்யும் முதலில், அப்புறம் சாம்பார், புளிசேரி, ரசம், பாயசம், மோர் என்று ஒரு முறை இருக்கிறது. அதை மாற்றிப் பரிமாறினால் பந்தியில் உள்ள பெரியவர் சத்தம் போடுவார். இத்தாலியிலும் அதே போல ஆன்டிபாஸ்டோ என்று சின்னச் சின்ன முன்தீனி, பிரிமோ என்று பாஸ்தாவோ ரிசோட்டோவோ, செகொண்டோ என்று மீனோ இறைச்சியோ, அதோடு கொன்டோர்னோ என்று ஒரு காய்கறி, கடைசியில் இனிப்பு, அதற்கும் பிறகு காப்பி. வித்தியாசம் ஒன்றே ஒன்று, அதை அப்பாவிடம் வழியிலேயே சொல்லிவிடுங்கள். நமக்குச் சோறு நடுவில், தொடுகறி சுற்றிலும். அங்கே பாஸ்தா தனியாக வரும், தனியாகவே சாப்பிட வேண்டும், தொட்டுக்கொள்ள எதுவும் வராது. இது தெரியாமல் உட்கார்ந்தால் "கறி எங்கே" என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். தேடினது கிடைக்காதபோதுதான் ஒரு மனிதன் தனக்கு ஏதோ தெரியவில்லை என்று நினைக்க ஆரம்பிக்கிறான்.

நான்கு பேர் இந்த முழு வரிசையையும் ஆளுக்கொன்றாகச் சாப்பிடத் தேவையில்லை, இத்தாலியிலேயே பெரும்பாலான நாட்களில் யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை. இரண்டு சுற்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் இரண்டு முன்தீனியும் ஒரு பீட்சாவும், எல்லாம் மேசை நடுவில். இரண்டாவது சுற்றில் ஒரு பாஸ்தா அம்மாவுக்கென்று தனியாக, இன்னொரு பாஸ்தா பொதுவாக, ஒரு முழு மீன். இவ்வளவு போதும், கடைசி இனிப்புக்கு வயிற்றில் இடம் இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். பீட்சாவும் பாஸ்தாவும் காத்திருக்காத பண்டங்கள். ஐந்து நிமிடம் ஆறினால் பாஸ்தா ஒட்டிக்கொள்ளும், சீஸ் ரப்பராகும். ரப்பரைப் பற்றி உங்கள் அப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மீனை அப்பாவிடம் விட்டுவிடுங்கள். ஆர்டர் எடுக்க வருகிறவரிடம் நீங்கள் பேசாமல், "இன்னைக்கு என்ன மீன் இருக்குன்னு அப்பா கேளுங்க" என்று சொல்லுங்கள். அவர் மலையாளத்தில் கேட்பார். கொடுவாயா, செம்பல்லியா, நெய்மீனா, எப்போது வந்தது, ஐஸில் இருந்ததா என்று அவர் கேட்கிற கேள்விகளை நீங்களோ நானோ கேட்க முடியாது. முழு மீனை முன்னால் கொண்டுவந்து காட்டும் உணவகமாக இருந்தால் இன்னும் நல்லது, செவுளையும் கண்ணையும் பார்த்து அவரே முடிவு செய்யட்டும். இத்தாலியில் மத்தியதரைக் கடல் மீன்களை வைத்துச் செய்வதை இங்கே கொடுவாயிலும் செம்பல்லியிலும் செய்தால் எந்தக் குறையும் வராது. மீன் பக்கத்துக் கடலில் பிடித்ததாக இருப்பதுதான் அந்தச் சமையலின் முதல் விதி. செய்முறையில் இரண்டு அவருக்கு அந்நியமாக இருக்காது. அக்வா பாட்ஸா என்பது நேப்பிள்ஸ் பக்கத்து மீனவர் சமையல்: கொஞ்சம் தண்ணீர், தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் விட்டு மீனை மெல்ல வேகவைப்பது. தேங்காயும் மஞ்சளும் இல்லாத மீன் அவியல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று அல் கார்டோச்சோ, காகிதத்தில் பொதிந்து அடுப்பில் சுடுவது; வாழையிலையில் பொள்ளிக்கிற மீனின் அதே தத்துவம், மீனின் ஆவி வெளியே போகாமல் மீனுக்குள்ளேயே நிற்கும். முன்தீனியாகக் கணவாய்ப் பொரியல் இருந்தால் வாங்குங்கள், எலுமிச்சம்பழத்தோடு வரும். சிப்பி கிடைத்தால் அதையும். விழிஞ்ஞம் பாறையில் எடுக்கிற சிப்பியைப் பூண்டும் எண்ணெயும் போட்டு மூடிவைத்துத் திறக்கவைக்கிற விதம் இத்தாலியக் கடலோரத்தில் தினசரிச் சமையல். ஒன்று கவனியுங்கள், மீனும் சிப்பியும் போட்ட பாஸ்தாவின் மேல் சீஸ் தூவச் சொல்லாதீர்கள். இத்தாலியர் பெரும்பாலும் தூவுவதில்லை. மீன் வாசனையைச் சீஸ் அமுக்கிவிடும் என்பது காரணம், அப்பாவும் அதை ஒத்துக்கொள்வார்.

உறைப்பு பற்றிப் பயப்படாதீர்கள். தக்காளியும் மிளகாயும் நமக்கு வந்ததுபோலவே இத்தாலிக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவைதான், 1492க்கு முன்னால் அவர்கள் அடுப்பிலும் இல்லை, நம் அடுப்பிலும் இல்லை. தெற்கு இத்தாலியில், குறிப்பாகக் கலாப்ரியாவில், மிளகாய் இல்லாத சமையலறையே கிடையாது. பென்னே என்பது குட்டைக் குழாய் மாதிரியான பாஸ்தா. பென்னே அராபியாட்டா என்றால் கோபக்கார பென்னே என்று பொருள், தக்காளியும் பூண்டும் வற்றல் மிளகாயும் சேர்ந்தது. அல்லியோ எ ஓலியோ என்பது பூண்டும் எண்ணெயும் மிளகாயும் மட்டும். இரண்டையும் நல்ல உறைப்பாகச் செய்யச் சொல்லலாம், சமையல்காரருக்கு அது வருத்தம் தராது. ரோமாபுரியில் சீஸும் மிளகும் மட்டும் போட்டு ஒரு பாஸ்தா உண்டு, காச்சோ எ பெப்பே. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் முசிறித் துறையிலிருந்து கப்பல் கப்பலாகப் போனது நம் பக்கத்து மிளகுதான், அந்தக் கதையை அப்பாவுக்குச் சொல்லுங்கள். வெள்ளை சாஸ் பாஸ்தா வேண்டாம் என்பது என் கருத்து. பெரிய கிண்ணத்தில் க்ரீமும் மைதாவுமாக வரும், நாலு வாய்க்குமேல் நம் பெரியவர்களுக்குத் திகட்டிவிடும். பெரும்பாலான இடங்களில் கார்போனாரா என்ற பெயரிலும் அதையே தருகிறார்கள். ரோமில் கார்போனாராவில் க்ரீம் கிடையாது, முட்டையும் பெகொரினோ சீஸும் பன்றிக்கன்னத்து இறைச்சியும் மிளகும்தான். ரிசோட்டோவை இந்த முறை விட்டுவிடுங்கள். அதற்கான காரணத்தை மேலே சொல்லியாகிவிட்டது.

அம்மாவுக்கு வருகிறேன், இங்கேதான் நிறையக் கண்ணி இருக்கிறது. மெனுவில் பச்சைப் புள்ளி இருப்பதால் மட்டும் நிம்மதி ஆகிவிட முடியாது என்பதை 15 வருஷ அனுபவத்தில் பல தடவை பார்த்திருக்கிறேன். சமையலறையில் இருப்பவர்கள் ஏமாற்றுவதில்லை, "இறைச்சித் துண்டு இல்லை என்றால் சைவம்" என்று நம்பிவிடுகிறார்கள். முதலில் சீஸ். அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் பாலைத் திரைத்துச் செய்வது. இத்தாலியில் அதற்குள்ள விதியே அப்படித்தான். கிரானா படானோவும் அப்படியே, பெகொரினோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். இந்தியாவில் செய்யும் சீஸ் பெரும்பாலும் நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னெட்டில் செய்தது, பொதியில் பச்சைப் புள்ளி இருக்கும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி "இது சைவமா" என்பதல்ல. "மேலே துருவுகிற சீஸ் இறக்குமதியா, இந்தியாவில் செய்ததா, பொதியில் என்ன புள்ளி இருக்கிறது" என்று கேளுங்கள். பெஸ்டோ சாஸும் இதில் சேரும். அது எங்கள் குருநாதரின் ஊரான ஜெனோவா பக்கத்துச் சாஸ். துளசிக் குடும்பத்து பேசில் இலை, பைன் கொட்டை, பூண்டு, ஆலிவ் எண்ணெயோடு பார்மிஜானோவும் பெகொரினோவும் அரைபடும். இங்கே பைன் கொட்டைக்குப் பதிலாக முந்திரிப்பருப்பு போடுகிறார்கள், அது தப்பில்லை, ஆனால் சீஸ் எதுவென்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த பேசில் இலை வேறொன்றுமில்லை, நம் திருநீற்றுப்பச்சிலைதான். ஃபலூதாவில் போடுகிற சப்ஜா விதை அந்தச் செடியின் விதை. அம்மாவிடம் சொல்லி ஓர் இலையைக் கசக்கி முகரக் கொடுங்கள், அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

முட்டை அடுத்தது. கடையில் விற்கும் காய்ந்த பாஸ்தா, அதாவது பென்னே, ஸ்பகெட்டி, ரிகடோனி போன்றவை, துரும் கோதுமை ரவையும் தண்ணீரும் சேர்த்துச் செய்தவை, முட்டை இல்லை. உணவகத்திலேயே கையால் செய்கிற டாலியடெல்லே, ராவியோலி, லசான்யா போன்றவற்றில் முட்டை இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையால் செய்தது உசத்தி என்று பரிமாறுகிறவர் பரிந்துரைப்பார், அம்மாவுக்கு மட்டும் காய்ந்ததைக் கேளுங்கள். இனிப்புகளில் திராமிசுவில் பச்சை முட்டை சேரும், அதிலுள்ள பிஸ்கட்டிலும் முட்டை. பான்னா கோட்டா என்ற க்ரீம் இனிப்பில் முட்டை இல்லை, ஆனால் அதை உறையவைப்பது ஜெலட்டின், அது மிருக எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது. சில இடங்களில் கடல்பாசியான அகர் அகர் போடுகிறார்கள், கேட்டால் சொல்வார்கள். ஜெலாட்டோ என்ற இத்தாலிய ஐஸ்கிரீமில் சில வகைக்கு முட்டை மஞ்சள்கரு சேரும், சில வகைக்குச் சேராது. பழ சோர்பெட் என்றால் பழமும் சர்க்கரையும் தண்ணீரும். சீஸர் சாலட் பேரைப் பார்த்தால் இலைதழை மாதிரி இருக்கும், அதன் சாஸில் பச்சை முட்டையும் பலசமயம் நெத்திலியும் கரைந்து கிடக்கும். அது இத்தாலியில் பிறந்ததுமல்ல, 1924இல் மெக்சிகோவின் திஹுவானாவில் உணவகம் நடத்திய இத்தாலியர் ஒருவர் போட்ட சாலட் என்று சொல்வார்கள். புட்டனேஸ்கா என்ற தக்காளி சாஸிலும் நெத்திலி உண்டு. மினெஸ்ட்ரோனே சூப்பு காய்கறிச் சூப்புதான், ஆனால் கோழிச் சாறு விட்டிருக்கலாம். இத்தாலிய மொழியில் பெப்பரோனி என்றால் குடைமிளகாய். நம் ஊர் மெனுவில் பெப்பரோனி என்றால் இறைச்சி. கேரளத்தில் பொலோன்யா சாஸை மாட்டிறைச்சியில் செய்வது சகஜம், உங்கள் வீட்டில் அது கூடாது என்றால் அதையும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். பல சாஸ்களில் வைன் ஊற்றுவார்கள். கொதித்தால் சாராயம் முழுதும் ஆவியாகிவிடும் என்று சமையல்காரர்களே சொல்வார்கள், அது சரியில்லை, கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். அம்மாவுக்கு அது ஆகாதென்றால் "வைன் சேர்க்காமல்" என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் கழித்த பிறகும் அம்மாவுக்கு நல்ல சாப்பாடு மிச்சம் இருக்கிறது. சுட்ட ரொட்டியின் மேல் பூண்டு தேய்த்துத் தக்காளி வைத்த புரூஸ்கெட்டா. இந்தியாவில் செய்த புது மொசரெல்லா சீஸும் தக்காளியும் போட்ட கப்ரேஸே சாலட். அதே மொசரெல்லாவில் மார்கெரீத்தா பீட்சா. சீஸ் தூவாத அராபியாட்டா. கத்தரிக்காயை வறுத்துப் புளிப்பும் இனிப்புமாகச் செய்யும் சிசிலியின் கப்போனாட்டா கிடைத்தால் விடாதீர்கள். எங்கள் மேசைகளில் நம் ஊர் அம்மாக்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கியது பெரும்பாலும் அதைத்தான், கத்தரிக்காய்ப் பச்சடியின் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கும். ரென்னெட் விஷயத்தில் எவ்வளவு கண்டிப்பு என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். முன்னாலேயே அம்மாவிடம் உள்ளதைச் சொல்லுங்கள். சிலர் "அது பரவாயில்லை" என்பார்கள், சிலர் தொடமாட்டார்கள். தெரியாமல் சாப்பிட வைத்துவிட்டுப் பிறகு தெரியவரும்போது ஏற்படும் வருத்தத்தை நான் பார்த்திருக்கிறேன், அதற்கு ஈடு கிடையாது.

எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டீர்கள். நீளமான ஸ்பகெட்டியைத் தவிர்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை. பென்னே, ரிகடோனி போன்ற குட்டைப் பாஸ்தாவை முள்கரண்டியாலோ கரண்டியாலோ யாரும் சாப்பிடலாம். பீட்சாவைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது நேப்பிள்ஸ் தெருவில் இன்றைக்கும் நடப்பது. நாலாக மடித்துப் பணப்பை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றபடியே தின்பார்கள். அந்த ஊர்ப் பீட்சாக்காரர்களின் கைத்திறனை 2017இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச்செல்வமாகச் சேர்த்தது, சாப்பிட்டவர் முள்கரண்டியைப் பிடித்தாரா என்று அது பார்க்கவில்லை. தட்டில் மிஞ்சின சாஸை ரொட்டியால் வழித்துச் சாப்பிடுவதற்கு இத்தாலியில் தனிப் பெயரே உண்டு, ஸ்கார்பெட்டா, சின்னச் செருப்பு என்று பொருள். வீட்டு மேசையில் அது சமைத்தவருக்குச் செய்கிற மரியாதை. இலையை வழித்துச் சாப்பிட்டுப் பழகிய உங்கள் அப்பாவிடம் இதை மட்டும் சொன்னால் போதும் என்று தோன்றுகிறது. மீனுக்கு முள் எடுக்கக் கையை உபயோகித்தால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள், கைகழுவ எலுமிச்சை போட்ட வெந்நீர்க் கிண்ணம் கேளுங்கள். மேசைக்கு வரும் தேவையில்லாத கரண்டிகளை முதலிலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். நான் அன்றைக்கு அதைச் செய்திருக்க வேண்டும்.

வேட்டி பற்றிக் கவலையே வேண்டாம். கேரளத்தில் முண்டு மந்திரிகள் முதல் மணமக்கள் வரை கட்டும் உடை, பெரிய விடுதிக்குள்ளும் அதற்கு மதிப்புத்தான். வேட்டி கட்டியவரைத் தடுக்கக் கூடாது என்று 2014இல் வந்த சட்டம் தமிழ்நாட்டுக்கு உரியது, எல்லை தாண்டினால் செல்லாது. ஆனால் களியக்காவிளைக்கு அப்பால் அதற்குத் தேவை வரும் என்று நான் நினைக்கவில்லை. மாடி பார் வைத்த சில இடங்களில் மட்டும் செருப்புக்கும் உடைக்கும் நிபந்தனை சொல்லலாம், போனில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பில் விஷயம் சுருக்கமாக. மெனுவை முன்னாலேயே வாங்கிப் பார்த்து, மேலே சொன்ன இரண்டு சுற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். தனி உணவகமானால் அதன் மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி; ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் விடுதிக்குள் இருக்கும் உணவகமானால் 18 சதவீதம். இந்த வித்தியாசம் பலருக்குத் தெரியாமல் பில்லைப் பார்த்து முகம் மாறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்த்தால் எடுத்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேவை நன்றாக இருந்தால் பரிமாறியவர் கையில் நேராகக் கொடுங்கள். விலையை அப்பாவிடமிருந்து மறைப்பதா, சொல்வதா என்பதில் எனக்கே இன்றுவரை ஒரு தீர்மானம் இல்லை. மெனுவின் வலது பக்கத்தைப் பார்த்துப் பசி போய்விடுகிற அப்பாக்கள் உண்டு. மறைத்தால் அதைவிட அதிகமாகக் கற்பனை செய்துகொள்கிறவர்களும் உண்டு. உங்கள் அப்பா எந்த வகை என்பது உங்களுக்குத்தான் தெரியும். எப்படியானாலும் குறைத்துப் பொய் சொல்லாதீர்கள்.

காப்பியைப் பற்றியும் ஒன்று. சாப்பாட்டுக்குப் பின் கப்புச்சினோ கேட்டால் இத்தாலியர் புருவத்தை உயர்த்துவார்கள், அவர்களுக்குப் பால் காப்பி காலையோடு சரி. நீங்கள் கேளுங்கள். அப்பாவுக்குச் சாப்பாடு முடிந்தால் பால் விட்ட காப்பிதான் வேண்டுமென்றால் அதுதான் சரியான காப்பி.

இரண்டு நாள் முன்னால் உணவகத்துக்குப் போன் செய்து, மேலாளரிடம் வேண்டாம், சமையலறைப் பொறுப்பாளரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். மதியம் 3 மணிக்கு மேல் 5 மணிக்குள் கூப்பிட்டால் அவர்களுக்குப் பேச நேரம் இருக்கும். 30ஆவது திருமண நாள் என்று சொல்லுங்கள், அம்மாவுக்கு முட்டை, ரென்னெட், ஜெலட்டின், வைன் எதுவும் கூடாது என்பதைச் சொல்லுங்கள், முழு மீன் ஒன்று அப்பா பார்த்துத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லுங்கள். சமையல்காரனுக்கு இப்படிக் கேட்டு வரும் மேசை பிடிக்கும், நான் உள்ளே நின்றவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். கடைசியாக ஒன்றை மறக்காமல் சொல்லிவிடுங்கள்: சில பெரிய உணவகங்களில் மீன் தலையை வெட்டி எடுத்துவிட்டுத் தட்டில் வைப்பார்கள். தலையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், அப்பாவுக்கு அது வேண்டியிருக்கும்.